படுவான்கரைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு வாவி வடக்கும் தெற்குமாக ஏறத்தாழ 56 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தை எழுவான்கரை என்போம். பொழுது எழும் கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. பொழுது படும் கரை. ஊர் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை, கல்லடிக் கடற்கரை, பாசிக்குடா என்று கடல் பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் நாங்கள் சாப்பிடும் அரிசியும், சட்டித் தயிரும், விடியவிடிய ஆடும் வடமோடி தென்மோடிக் கூத்தும் செழித்திருப்பது அந்தக் கரையில்தான். அதைப் பார்க்காமல் மட்டக்களப்பைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு போவது எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

பார்ப்பதற்குச் சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. பஸ், வாவிக்கு மேலால் படுவான்கரைக்குப் போகும் மண்முனைப் பாலத்தை அரை நிமிசத்தில் கடந்துவிடும். கண்ணாடி ஏற்றிய வானுக்குள் இருப்பவரோடு யாரும் பேசமாட்டார்கள். சைக்கிளில் போனால் வேலிக்கு உள்ளிருந்து, "எங்கருந்து வாறீங்க?" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். நிலமும் சமதரை. மலை ஏற்றம் கிடையாது. சைக்கிள் ஓடத் தெரிந்த யாரும் ஒரு நாளில் போய் வரலாம். பல வருடமாக இந்த வழியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் தடவை வருகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்ததால் இதை எழுதுகிறேன்.

எந்த மாதம் வருவது

ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை வேண்டாம். எங்களுக்குப் பெரிய மழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். கார்த்திகை, மார்கழியில் வாவி பெருகி, தாழ்ந்த கிராம வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். ஒருமுறை, காலையில் நல்ல வெயில் எறிக்கிறதே என்று நம்பி மார்கழியில் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் பிடித்த மழை, மூன்று மணிக்குள் நாங்கள் வந்த வீதியையே மூடிவிட்டது. சைக்கிள்களை உழவு மெசின் பெட்டியில் ஏற்றித்தான் வெளியே வந்தோம். அந்தப் பிழை என்னுடையது. அதற்குப் பிறகு அந்த மாதங்களில் யார் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன்.

மாசியும் பங்குனியும் நல்ல காலம். பெரும்போக வெள்ளாண்மை விளைந்து அறுவடை நடக்கும். வட்டை முழுக்க மஞ்சளாக இருக்கும். வட்டை என்றால் பல வயல்கள் சேர்ந்த ஒரு பெரிய வயற்பரப்பு. வழி கேட்கும்போது இந்தச் சொல் அடிக்கடி காதில் விழும். இந்த நாட்களில் தார் வீதியின் ஒரு பாதியில் நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லோ மரக்கொப்போ வைத்திருப்பார்கள். அதன் மேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். வாகனம் வந்தால் இறங்கி நின்று விட்டுவிட்டு, மறுகா (பிறகு) போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு.

வைகாசியில் வருகிறவர்களுக்கு இன்னொரு பேறு கிடைக்கும். ஊர் ஊராகக் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு நடக்கும் மாதம் அது. இந்தக் கோயில்களில் பல வருடத்தில் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். சடங்கு முடியும் குளிர்த்தி நாளில் போய்ச் சேர முடிந்தால், சைக்கிளைக் கோயில் வீதிக்கு வெளியே நிறுத்திவிட்டு இரவு தங்கவே பாருங்கள்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று. (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். குழம்ப வேண்டாம்.) மேற்கே இருந்து காய்ந்து வரும் சூடான காற்று அது. மேற்கு நோக்கி உழக்கும்போது முகத்தில் அறையும், வாய் உலரும், தூரம் இரண்டு மடங்காகத் தெரியும். அந்த மாதங்களில் வருவதென்றால் விடியுமுன் புறப்பட்டு, காற்று எழும்புமுன் மேற்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். வெயில் காலத்தில் படுவான்கரைக் கிணறுகள் வற்றி, சில கிராமங்களுக்குப் பவுசரில்தான் (தாங்கி லொறியில்) தண்ணீர் வரும். அப்போது ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டு முகம் கழுவுவது சரியில்லை. குடிக்க மட்டும் கேளுங்கள்.

வழிகாட்டி

தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கும் கொக்கட்டிச்சோலை வரைக்கும் தனியாகவும் போகலாம். நல்ல வீதி, வழி தவறாது. அதற்கு அங்கால, வயல் பாதைக்குள் இறங்குவதென்றால் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். போனில் இருக்கும் வரைபடம் வாய்க்கால் வரம்பையும் வீதி என்றே காட்டும். அதை நம்பிப் போய் மூன்று கிலோமீட்டரில் தண்ணீரில் முட்டி நின்றவர்களை எனக்குத் தெரியும். அதைவிட முக்கியம் யானை. படுவான்கரையின் மேற்கு எல்லைக் கிராமங்களுக்குள் யானை வருவது வழக்கமாகிவிட்டது. ஆட்கள் செத்திருக்கிறார்கள். நேற்று இரவு எந்தப் பக்கம் யானை விரட்டும் வெடி கேட்டது என்று காலையில் நாலு பேரிடம் கேட்டு அறியக்கூடிய ஆள்தான் உங்களுக்கு வேண்டிய வழிகாட்டி.

பேசும்போது நேராகக் கேட்க வேண்டியவை சில. ஒரு தடவைக்கு எத்தனை பேர்? எட்டுக்கு மேல் என்றால் யோசியுங்கள். ஒற்றை வரிசையில் பன்னிரண்டு சைக்கிள் போனால் முன்னுக்குப் போகிறவருக்குப் பின்னுக்கு நடப்பது தெரியாது. ஆறு பேருக்கு மேலே போனால் கடைசியில் வர இன்னொருவர் இருக்கிறாரா? மேலதிக டியூப், பம், ஒட்டுப்போடும் சாமான் கையில் இருக்கிறதா? சாப்பாடு கடையிலா, வீட்டிலா? அந்த வீட்டுக்காரருக்குக் கூலியில் எவ்வளவு போகிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வெயிலில் நின்று சமைத்துத் தருகிறவருக்கு உரியது போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கும் வழிகாட்டி, அதைக் கேட்டதற்காகச் சந்தோசப்படுவார்.

உங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். நீரிழிவு, ஆஸ்துமா, முழங்கால் வலி, சைக்கிள் ஓடிப் பத்து வருடமாகிறது என்பது எல்லாம் முதல் நாளே தெரிந்தால் வழியை அதற்கேற்ப மாற்றலாம்.

சைக்கிளைப் பார்த்து எடுப்பது

கியர் சைக்கிள் தேவையில்லை. ஊரில் எல்லோரும் ஓடுகிற லுமாலா என்ற சாதாரணச் சைக்கிள் போதும். அதற்குத்தான் எந்தக் கிராமத்திலும் சாமான் கிடைக்கும். ஆனால் தருகிற சைக்கிளைப் பாராமல் ஏறாதீர்கள். ஐந்து நிமிசம் போதும். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து அடிக்கு விட்டால் கால் நேராக நிற்க வேண்டும். மடங்கி நின்றால் சீற் பதிவு, பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் சொல்லும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னுக்குத் தள்ளுங்கள், பின் சில்லு எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சில்லு உருளாமல் இழுபட வேண்டும். டயரைப் பெருவிரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. செயினில் துரு இருந்தால் எண்ணெய் விடச் சொல்லுங்கள். பெல் அடித்துப் பாருங்கள். இங்கே பெல்லுக்கு வேலை அதிகம், ஆடும் மாடும் கோழியும் அதற்குத்தான் விலகும்.

நகரத்தில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் வந்த பெண் ஒருவருக்குக் காத்தான்குடிச் சனத்துக்குள் பின் பிரேக் கம்பி அறுந்தது. முன் பிரேக் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எல்லோர் சைக்கிளையும் நானே ஒருமுறை ஓடிப் பார்க்காமல் புறப்படுவதில்லை.

கரியர் உள்ள சைக்கிளாகக் கேளுங்கள். பையை முதுகில் போட்டால் வியர்வையில் சட்டை ஊறிவிடும். பழைய டியூப் துண்டால் கரியரில் இறுக்கிக் கட்டினால் அசையாது.

பையில் இரண்டு லீற்றர் தண்ணீர், இரண்டு பைக்கற் ஜீவனி (வியர்த்துக் களைத்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), கழுத்தை மறைக்கும் தொப்பி அல்லது துவாய், சில்லறைக் காசு. கை மூடிய மெல்லிய பருத்திச் சட்டை வெயிலுக்கு நல்லது. கோயிலுக்குள் போக விரும்பினால் ஆண்கள் ஒரு சால்வையோ வேட்டியோ, பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடுப்போ கொண்டுவாருங்கள். அவசர அம்புலன்ஸ் இலக்கம் 1990, இலவசம். மகிழடித்தீவில் அரச வைத்தியசாலை இருக்கிறது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்திருந்தால் போதும்.

புறப்படுவது

ஐந்தரைக்குச் சைக்கிளில் இருக்க வேண்டும். ஆறு மணிக்கு முன்பின் பொழுது எழும். அப்போது கல்லடிப் பாலத்தில் நிற்பதுதான் கணக்கு. அருகருகே இரண்டு பாலம். பழையது இரும்புப் பாலம், 1928 இல் கட்டியது, லேடி மனிங் பாலம் என்று பெயர். பஸ்ஸும் லொறியும் போவது 2013 இல் திறந்த புதிய பாலத்தால். பழையதில் ஏறி நில்லுங்கள். தோணியில் நிற்கிறவர் வீச்சு வலையைத் தோளில் மடித்து, இடுப்பைத் திருப்பி ஒரு சுழற்று சுழற்றுவார். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும் சத்தம், மழை தொடங்கும்போது ஓலையில் கேட்கும் முதல் சத்தம் போல இருக்கும். இந்த வாவிக்குள் இருந்து இசை போலக் கேட்கும் சத்தத்தைப் பாடும் மீன் என்போம். அதைக் காலையில் கேட்க முடியாது. அதற்குப் பூரணை இரவில், காற்று ஓய்ந்த பிறகு, தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காது வைக்க வேண்டும். அதற்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள்.

கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்து 1947 இல் மறைந்தவர். நிறையப் பேர் ஒரு நிமிசம் இறங்கி நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

அங்கிருந்து ஆரையம்பதி தாண்டும் வரை கல்முனை வீதி. இந்தப் பயணத்தில் யானையைவிடவும் பயப்பட வேண்டிய பகுதி இதுதான். கடுகதி பஸ்கள் ஒன்றை ஒன்று முந்தும். இடது ஓரத்தில் ஒற்றை வரிசையாகப் போங்கள். இருவர் சோடியாகக் கதைத்துக்கொண்டு ஓடுவதை மண்முனைக்கு அங்கால வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இருந்தால் இங்கே போடுங்கள். பின்னால் நீண்ட ஹோர்ன் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம், பார்க்கும் பக்கத்துக்கே ஹாண்டில் சாயும். தோளை இறுக்காமல் நேரே ஓடுங்கள்.

காத்தான்குடியில் வீதி நடுவே வரிசையாகப் பேரீச்ச மரம் நிற்கும். காலைத் தேத்தண்ணிக்கு இதுதான் இடம். கடையில் இருக்கும் காக்காமார் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எல்லாம் கேட்பார்கள். பதில் சொல்லுங்கள். ஒரு பிளேன்ரீயும் சூடான ரொட்டியும் போதும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உழக்க முடியாது. வெள்ளிக்கிழமை திரும்பி இதே வழியாக வருகிறவர்கள் மத்தியானத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், பள்ளிவாசல்களின் முன்னால் சனம் நிறைந்திருக்கும்.

மண்முனையைக் கடப்பது

ஆரையம்பதிக்குத் தெற்கே, மண்முனையில் வலது பக்கம் கிறுகினால் வாவி. 2014 வரை இங்கே பாலம் இல்லை. பாதை என்று சொல்லும் தட்டையான மிதவையில்தான் ஆளும் சைக்கிளும் மாடும் நெல் மூட்டையும் அக்கரை போகும். பிள்ளை பெற வலி கண்ட பெண்ணும் அந்தப் பாதை திரும்பி வரும் வரைக்கும் கரையில் காத்திருந்த காலம் அது. ஜப்பான் உதவியோடு கட்டிய பாலம் வந்த பிறகு அக்கரைப் பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்கு வந்து போகிறார்கள். பாலத்தில் உங்களுக்கு எதிரே வெள்ளைச் சீருடையில் சைக்கிளில் வருகிறவர்கள் அவர்கள்தான். வழிவிடுங்கள், அவர்களுக்கு மணி அடிக்குமுன் போய்ச் சேர வேண்டும்.

பாலத்தின் நடுவில் ஓரமாக நின்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கரையோரம் கண்ணா மரங்கள், சதுப்பில் வளர்கிறவை. நீர்க்காகம் கம்பில் இருந்து செட்டையை விரித்துக் காயவிடும். கூழைக்கடா வந்தால் கூட்டமாக வரும். தண்ணீர் அழகாக இருக்கிறதே என்று இறங்கிக் குளிக்க நினைக்க வேண்டாம். வாவியில் முதலை உண்டு.

பாலத்தைத் தாண்டியவுடன் காது வித்தியாசத்தைச் சொல்லும். ஹோர்ன் சத்தம் பின்னுக்குப் போய்விடும். இனிமேல் வேகத்தைக் குறையுங்கள். உண்மையில் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான். இங்கே கிலோமீட்டர் எண்ணிக்கொண்டு ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. யாராவது கூப்பிட்டால் நில்லுங்கள். வேலியில் நிற்கும் பெரியம்மா, "மகள், ஒள்ளுப்பம் (கொஞ்சம்) தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றால் அது வாய் உபசாரம் இல்லை, செம்பைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். செம்பை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பது இங்கே மரியாதை. தெரியாவிட்டால் உங்கள் போத்தலை நீட்டுங்கள்.

தூரம் கேட்டால் கட்டைக் கணக்கில் பதில் வரும். ஒரு கட்டை ஒரு மைல். "ஒள்ளுப்பம் தூரந்தான்" என்று சொன்னால் அது அரைக் கட்டையாகவும் இருக்கலாம், மூன்று கட்டையாகவும் இருக்கலாம். சொன்னவர் அதை நாளுக்கு நாலு தடவை போய் வருகிறவர்.

கொக்கட்டிச்சோலை

நகரத்திலிருந்து இங்கே இருபது கிலோமீட்டருக்குள்தான். நின்று நின்று வந்தாலும் எட்டரைக்குள் வந்துவிடலாம். தான்தோன்றீஸ்வரர் கோயில் படுவான்கரையின் இதயம் மாதிரி. கொக்கட்டி மரங்கள் நின்ற காடாக இருந்தபோது, வேடன் ஒருவன் மரத்தைத் தறிக்க அதிலிருந்து இரத்தம் வந்ததாகவும், அங்கே லிங்கம் வெளிப்பட்டதாகவும் ஐதிகம். போர்த்துக்கேயத் தளபதி கோயிலை இடிக்க வந்து, "இந்தக் கல் மாடு புல் தின்னுமா?" என்று கேட்டதற்கு, நந்தி எழும்பிப் புல் தின்று சாணமும் போட்டதாம். இதை உங்களுக்குச் சொல்லப்போகிறவர் வழிகாட்டி அல்ல, கோயில் வாசலில் இருக்கும் யாராவது ஒரு ஐயா. அவர் சொல்லும்போது கேளுங்கள். ஏற்கெனவே தெரியும் என்று சொல்லிவிட வேண்டாம்.

செருப்பை வெளியே விடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் சால்வை கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே படம் எடுப்பதில்லை. மூலஸ்தானத்தின் முன்னால் வியர்த்து ஒழுகிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தால் வெளியே பைப்பில் கைகால் கழுவிவிட்டுப் போங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

வயல் பாதை

இதற்குப் பிறகு தார் முடிந்து கிறவல், அதாவது சரளை மண் வீதி, வரும். கிறவலில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடித்தால் விழுவீர்கள். பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம், கையைத் தளர்த்தினால் சைக்கிள் தானாகத் தன் வழியைப் பிடிக்கும். மணல் குவிந்த இடத்தில் உழக்குவதை நிறுத்தவும் வேண்டாம், ஹாண்டிலைத் திருப்பவும் வேண்டாம். முடியாவிட்டால் இறங்கி உருட்டுங்கள். வரம்பில் ஓட முயல வேண்டாம். சைக்கிள் பட்டு வரம்பு உடைந்தால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். அதை அடைத்துக் கட்ட ஒரு ஆளுக்கு ஒரு பொழுது வேண்டும். வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணீர் விட வெட்டிய வாயை, கண்டால் தாண்டிப் போங்கள், மிதிக்க வேண்டாம்.

காற்றுப் போவது இந்தப் பகுதியில்தான். நெருஞ்சி முள். போன பங்குனியில் எங்களோடு வந்த கொழும்புத் தம்பி ஒருவரின் பின் டயர் இறங்கியது. என்னிடம் சாமான் இருந்தும், பக்கத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் கடை இருந்ததால் அங்கேயே கொண்டு போனோம். கடை என்றால் நாலு கம்பும் தகரமும். ஐயா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். தேய்ந்த இரண்டு கரண்டிக் காம்பால் டயரின் ஓரத்தை நெம்பி டியூபை உருவினார். காற்று அடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு பக்கமிருந்து விரலால் அமத்தி அமத்திக் கொண்டுபோனார். ஓரிடத்தில் பாசி மணி மாதிரிக் குமிழி வரிசையாக எழும்பியது. அந்த இடத்தை நகத்தால் கீறி அடையாளம் வைத்து, துடைத்து, அரத்தாளால் சொரசொரப்பாக்கிச் சொலுசன் பூசினார். உடனே ஒட்டவில்லை. பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுவை இழுத்தார். சொலுசன் காய்ந்து விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் பழைய டியூபில் வெட்டிய துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார்.

எல்லாம் முடிந்தது என்று தம்பி காசை எடுத்தார். "பொறுங்க மகன்" என்று சொல்லிவிட்டு ஐயா டயரின் உட்புறத்தில் விரலை வைத்து ஒரு சுற்று மெதுவாகத் தடவினார். முக்கால் சுற்றில் விரல் நின்றது. முள்ளின் நுனி அங்கேயே இருந்தது. அதை எடுக்காமல் டியூபைப் போட்டிருந்தால் அரைக் கட்டையில் மறுகாவும் இறங்கியிருக்கும். நீங்களே ஒட்டுப்போட்டாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

மத்தியானம்

பதினொன்றரைக்கு மேல் வெயிலில் ஓட வேண்டாம். நாங்கள் ஒரு வீட்டில் சொல்லி வைத்துச் சாப்பிடுகிறோம். சிவப்பரிசிச் சோறு, வாவி இறாலோ மீனோ ஒரு கறி, முருங்கையிலைச் சுண்டல், சொதி, கொஞ்சம் சம்பல். பெரியம்மா கேட்காமலே இரண்டாம் தடவையும் போடுவார். வேண்டாம் என்றால் கோப்பையின் மேல் கையை மறித்து, "போதும் பெரியம்மா" என்று சொல்ல வேண்டும். வெறுமனே தலையாட்டினால் அது வெட்கம் என்று நினைத்து மறுபடியும் போட்டுவிடுவார். கடைசியில் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர், மேலே ஏடு மஞ்சளாக இருக்கும். சீனி போதும் அதற்கு.

சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாயை விரித்து ஒரு மணி நேரமாவது படுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்து சாப்பிடும் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இருக்கலாம். சின்ன வயதுப் பிள்ளையின் படமாக இருக்கலாம். படுவான்கரை போரில் பட்டதை நீங்களாகக் கிளற வேண்டாம். எத்தனை பேர், எந்த வருடம், யார் செய்தது என்று கேள்விகளை அடுக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் சைக்கிளையும் நேரத்தையும் மறந்துவிட்டு இருந்து கேளுங்கள். அப்போது போனை வெளியே எடுக்க வேண்டாம். படம் எடுப்பதும் அப்படித்தான். "ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு தலைசீவ உள்ளே ஓடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருங்கள். வயலில் சேற்றோடு நிற்கிறவரை வீதியிலிருந்து ஒளித்து எடுப்பது நல்ல பழக்கம் இல்லை.

திரும்புவது

மூன்று மணிக்குச் சைக்கிளில் ஏறிவிட வேண்டும், மூன்றரைக்குப் பிந்தக் கூடாது. ஐந்து மணிக்குப் பிறகு மேற்குப் பக்கத்துப் பாதைகளில் யாரையும் வைத்திருக்க நான் விரும்புவதில்லை. யானை இறங்கும் நேரம் அது. தூரத்தில் யானை நிற்பது தெரிந்தால் நின்று படம் எடுக்க வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். வழிகாட்டி சொல்வதே அப்போது சட்டம்.

வந்த வழியாலேயே மண்முனைக்குப் போகலாம். களைக்காதவர்களுக்கு வடக்கே வவுணதீவுப் பக்கமாக வந்து வலையிறவுப் பாலத்தால் நகருக்குள் ஏறும் வழி நல்லது. பட்டி மாடு மேய்ச்சல் முடிந்து வீதியை நிறைத்துக்கொண்டு வரும் நேரம். பெல் அடித்து அவற்றை விரட்ட வேண்டாம். ஓரமாகக் காலை ஊன்றி நின்றால் இரு பக்கமும் உரசிக்கொண்டு தானாகப் போய்விடும். மாட்டுக்காரத் தம்பி கடைசியில் வருவார், அவர் தலையசைத்த பிறகு ஏறுங்கள். பாலத்தில் நின்று பின்னால் பார்த்தால் பொழுது நீங்கள் வந்த பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்.

தயிர்ச்சட்டி வாங்கிக்கொண்டு வர எல்லோருக்கும் ஆசை. வரும் வழியில் கடைசியாக வாங்குங்கள், காலையில் வாங்கினால் வெயிலில் புளித்துவிடும். சட்டியின் வாயை மூடிக் கட்டியிருக்கும் தாளை அவிழ்க்க வேண்டாம். கரியரில் துவாயை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் சட்டியை வைத்து, டியூப் துண்டைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு சுற்று போதாது, வவுணதீவு வீதியின் பள்ளத்தில் அது கழன்றதைப் பார்த்திருக்கிறேன். பாலம் ஏறும்போது ஒரு கையால் பின்னுக்குத் தொட்டுப் பாருங்கள். சட்டி இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்.